கைநாட்டு வைத்த ஆடைகள்

"அவர் கைநாட்டுத்தான்" என்று நம் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது பொருள். சொல்பவரின் குரலில் கொஞ்சம் இளக்காரமும் இருக்கும். பேனை பிடிக்கத் தெரியாத விரலை மையில் தோய்த்துக் கடதாசியில் அழுத்துவதை ஒரு குறையின் அடையாளமாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம்.

ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், பாரிஸ் நகரிலே அழகாகக் கையெழுத்திடத் தெரிந்த ஒரு பெண்மணி, தமது ஆடைகளின் உட்புறத்தில் தைக்கப்படும் லேபிளில் கையெழுத்துடன் தமது பெருவிரல் அடையாளத்தையும் பதித்தார். அந்தக் கைநாட்டு இருந்தால்தான் ஆடை அசல் என்று ஐரோப்பாவின் செல்வந்தப் பெண்கள் தேடி வாங்கினார்கள். அவர் பெயர் மடலேன் வியொனே. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஆடை வடிவமைப்பாளர்களுள் ஒருவராக இன்றும் மதிக்கப்படுபவர்.

உயர்தரக் கலைப் பிரிவில் மனைப்பொருளியலையும் ஒரு பாடமாகக் கற்பவள் என்ற வகையிலே அவரைப் பற்றித் தேடி வாசித்தேன். வறுமையில் பிறந்து உழைப்பால் உயர்ந்தவர்களின் கதைகள் நாம் நிறையக் கேட்டவைதாம். இவருடைய கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. உச்சியை அடைந்த பிறகும், தாம் எந்த வாங்கில் இருந்து ஊசி பிடித்தாரோ அந்த வாங்கை அவர் மறக்கவில்லை.

கணக்குப் பிடித்த சிறுமி

மடலேன் வியொனே 1876 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22 ஆம் திகதி பிரான்ஸ் நாட்டின் லுவாரே மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டதால் தந்தையிடமே வளர்ந்தார். பாடசாலையில் கெட்டிக்காரியாக இருந்தார். குறிப்பாகக் கணக்குப் பாடம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆயினும் வீட்டு வசதி படிப்பைத் தொடர விடவில்லை. 11, 12 வயதிலேயே ஒரு தையற்காரியிடம் வேலை பழக அனுப்பப்பட்டார்.

பதினெட்டு வயதில் திருமணம் நடந்தது. பிறந்த பெண் குழந்தை சின்ன வயதிலேயே இறந்து போனது. மணவாழ்வும் முறிந்தது. இருபது வயதளவில் இத்தனையையும் பார்த்துவிட்ட அவர், ஊரை விட்டு இலண்டனுக்குப் போனார். அங்கே முதலில் ஒரு வைத்தியசாலையில் துணி தைத்தார். பின்னர் கேட் ரைலி என்பவரின் தையலகத்தில் சேர்ந்தார். பாரிஸ் மாதிரிகளைத் தழுவி இங்கிலாந்துப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்த இடம் அது. பிற்காலத்தில் போலிகளுக்கு எதிராகப் போராடப் போகிறவர், பிறருடைய வடிவங்களைப் பார்த்துத் தைக்கும் இடத்திலேயே தொழிலின் ஒரு பகுதியைப் படித்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1900 ஆம் ஆண்டளவில் பாரிஸ் திரும்பி, அந்நாளில் புகழ்பெற்றிருந்த காலோ சகோதரிகளின் நிறுவனத்தில் சேர்ந்தார். மூத்த சகோதரியான ஜெர்பே அம்மையார் கடதாசியில் வரைவதைவிடத் துணியை நேரடியாக உடலின் மேல் போட்டு மடித்து வடிவம் காண்பவர். அதை மலிவான பருத்தித் துணியில் மாதிரியாக வெட்டித் தைத்து, மற்றத் தொழிலாளர்கள் பின்பற்றக்கூடிய அளவுக்கு ஒழுங்குபடுத்துவது வியொனேயின் வேலை. காலோ சகோதரிகளிடம் கற்றிராவிட்டால் தாம் போர்ட் கார்களையே செய்துகொண்டிருந்திருப்பேன் என்றும், அவர்களால்தான் ரோல்ஸ் ராய்ஸ் செய்ய முடிந்தது என்றும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தமக்கு முன்னிருந்தவர்களின் கடனை இப்படி வாய்விட்டுச் சொல்லும் புகழாளர்கள் குறைவு.

1907 இல் ழாக் டூசே என்பவரின் நிறுவனத்துக்குப் போனார். அக்காலத்து ஐரோப்பியப் பெண்கள் உருக்குக் கம்பியாலும் திமிங்கிலத் தாடைத் தகடுகளாலும் விறைப்பாக்கப்பட்ட இடைக்கச்சுகளை அணிந்தார்கள். மூச்சு விடுவதும் குனிவதும் கடினம். உடை உடலுக்குப் பொருந்துவதற்குப் பதிலாக, உடல் உடைக்குப் பொருந்த வேண்டியிருந்தது. வியொனே அந்தக் கச்சை நீக்கி, இலேசான ஆடைகளைச் செய்து காட்டினார். அங்கிருந்த விற்பனைப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. பெண்களை இடைக்கச்சிலிருந்து விடுவித்த பெருமையைப் போல் புவாரே முதலிய வேறு வடிவமைப்பாளர்களும் உரிமை கோரியதுண்டு. காலம் மாறிக்கொண்டிருந்தது, அந்த மாற்றத்தின் முன்வரிசையில் இவரும் இருந்தார் என்பதே சரியான கணிப்பு.

1912 இல் பாரிஸின் றிவொலி வீதியில் தமது பெயரிலேயே தையலகம் திறந்தபோது அவருக்கு வயது 36. ஊசி பிடித்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் முதலாம் உலகப் போர் வந்தது. கதவை மூட வேண்டியதாயிற்று. போர் முடியும் தறுவாயில் மீண்டும் தொடங்கினார். 1923 இல் மொன்டேன் வீதி 50 ஆம் இலக்கத்தில் ஒரு பெரிய மாளிகைக்கே நிறுவனம் இடம்பெயர்ந்தது.

மூலைவாட்டின் இரகசியம்

வியொனேயை உயர்த்திய தொழில்நுட்பம் என்ன? அதைப் படித்து விளங்குவதைவிடச் செய்து பார்த்து விளங்கலாம். சகோதரிகளே, உங்களிடமுள்ள சதுரக் கைக்குட்டை ஒன்றை எடுங்கள். ஓர் ஓரத்தின் இரு முனைகளையும் பிடித்து இழுங்கள். துணி அசையாது. இப்போது எதிரெதிரான இரு மூலைகளைப் பிடித்து இழுங்கள். துணி நீளும், நடுவில் ஒடுங்கும், விட்டால் மறுபடி தளரும்.

காரணம் எளிது. நெய்த துணியில் நீளவாட்டில் பாவு நூலும் அகலவாட்டில் ஊடை நூலும் ஓடுகின்றன. நூலின் திசையில் இழுத்தால் நூலே தடுக்கிறது. 45 பாகை சரிவாக இழுத்தாலோ நூல்களுக்கிடையிலான சதுரக் கண்கள் சாய்ந்து வைர வடிவம் கொள்கின்றன. நூல் நீளாமலே துணி நீள்கிறது. நம் வீடுகளில் கழுத்துக்கும் கைக்கும் பைப்பிங் வைக்கும்போது துணியை மூலைவாட்டில் வெட்டுவது இதற்காகத்தான். வளைவில் சுருங்காமல் படிந்து போகும்.

மூலைவாட்டு வெட்டை வியொனே கண்டுபிடிக்கவில்லை. கழுத்துப்பட்டி, ஓரப்பட்டி போன்ற சிறிய துண்டுகளுக்கு அது முன்பே பயன்பட்டது. முழு ஆடையையுமே மூலைவாட்டில் வெட்டினால் என்ன என்று கேட்டு, அதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர் அவர். விளைவாக, பொத்தானும் கொளுக்கியும் கச்சும் அதிகம் இல்லாமலே ஆடை உடலோடு நகர்ந்தது. அணிந்தவர் இருந்தால் இருந்தது, நடந்தால் நடந்தது.

கணக்கில் ஆசை கொண்ட சிறுமியை இங்கே மறுபடி காண்கிறோம். அவருடைய ஆடைகள் சதுரம், முக்கோணம், வட்டம் என்ற எளிய வடிவங்களிலிருந்து பிறந்தன. 1919, 1920 அளவில் செய்த ஓர் ஆடை நான்கே சதுரத் துண்டுகளால் ஆனது. அவற்றைக் கைக்குட்டைகள் போல மூலையால் தொங்கவிட்டு இணைத்தார். அவர் படம் வரைந்து வடிவமைக்கவில்லை. மனித உயரத்தில் பாதியளவான ஒரு மரப்பொம்மையை முன்னே வைத்துக்கொண்டு, அதன் மேல் துணியைச் சுற்றி, குண்டூசி குத்தி, வெட்டிப் பார்ப்பார். சரிவந்த பின்னரே அதை முழு அளவுக்குப் பெருக்குவார். மூலைவாட்டு வெட்டுக்கு அகலமான துணி தேவை என்பதால், வழக்கத்திலும் அகலமான பட்டுத் துணிகளை நெசவாலைகளில் சொல்லிச் செய்வித்தார்.

அவருடைய இரவு விருந்து ஆடைகள் பல நாம் அணியக்கூடியவை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதுகு திறந்த, உடலோடு ஒட்டிய ஆடைகள் அவை. ஆனால் வெட்டும் அறிவு ஒரு பண்பாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நாம் உடுத்தும் அகன்ற அபாயாவின் கீழ்ப்பகுதியைக் குடை வெட்டாக வெட்டினால், அதிலும் சில பகுதிகள் மூலைவாட்டில்தான் விழுகின்றன. தைத்த உடனே ஓரம் மடித்தால் சில நாட்களில் ஒரு பக்கம் இறங்கிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் ஆடையைத் தொங்கவிட்டு, துணி இறங்கி முடிந்த பின்னர் அளந்து ஓரம் அடிக்கிறார்கள். பாரிஸில் பட்டுக்கு நடந்ததும் நம் வீட்டில் கிரேப் துணிக்கு நடப்பதும் ஒரே விதிதான்.

சாய்மானம் உள்ள கதிரைகள்

புகழின் உச்சியில் வியொனேயின் நிறுவனத்தில் ஏறத்தாழ 1200 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். அக்காலத் தையலகங்களில் தொழிலாளர்கள் முதுகுச் சாய்மானம் இல்லாத முக்காலிகளில் நாள் முழுவதும் குனிந்திருந்து தைப்பது வழக்கம். வியொனே தமது தொழிலாளர்களுக்குச் சாய்மானம் உள்ள கதிரைகளைக் கொடுத்தார். சின்ன விடயம்தான். ஆனால் அந்தச் சின்ன விடயத்தின் அருமை, சாய்மானமில்லாமல் இருந்து தைத்த முதுகுக்கே தெரியும்.

அதோடு நிற்கவில்லை. நிறுவனத்துக்குள்ளேயே உணவுச்சாலை, வைத்தியர், பல் வைத்தியர், தாய்மாரின் குழந்தைகளைப் பராமரிக்கும் இடம் ஆகியவை இருந்தன. சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் பிரசவ விடுமுறையும் வழங்கப்பட்டன. பிரான்ஸ் நாட்டில் எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமானது 1936 இல். வியொனே அதற்குப் பல ஆண்டுகள் முந்திவிட்டார்.

இது வெறும் இரக்கமா? நான் அப்படி நினைக்கவில்லை. மூலைவாட்டில் வெட்டிய பட்டுத் துணி கை நழுவினால் இழுபட்டுக் கெட்டுவிடும். அதைத் தைக்க நிதானமும் நீண்ட பயிற்சியும் வேண்டும். முதுகு வலிக்கிறவள், வீட்டில் விட்டுவந்த பிள்ளையை நினைத்துத் தவிப்பவள், அந்தத் தையலைப் போட முடியாது. தொழிலாளியின் நலனும் தையலின் தரமும் ஒரே நூலில் கோத்தவை என்பதை அவர் அறிந்திருந்தார். அப்படி அறிந்திருந்ததற்குக் காரணம், அவர் முதலாளியாவதற்கு முன் 24 ஆண்டுகள் தொழிலாளியாக இருந்ததே.

பெருவிரல் சொல்லும் சாட்சி

ஆடை பிரபலமானதும் போலிகள் வந்தன. காட்சிக்கு வருகிறவர்கள் வடிவங்களை மனதில் பதித்துக்கொண்டு போய், மலிவான துணியில் தைத்து விற்றார்கள். 1920களின் தொடக்கத்தில் வியொனே நகலெடுத்தவர்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்து வென்றார். ஒவ்வோர் ஆடையையும் முன்புறம், பக்கம், பின்புறம் தெரியப் படம் பிடித்து, இலக்கமிட்டு அல்பங்களில் ஒட்டிப் பதிவு செய்தார். லேபிளில் கையெழுத்தோடு பெருவிரல் அடையாளத்தையும் சேர்த்தார். கையெழுத்தைப் பழகிப் போடலாம். விரல் ரேகையைப் பழக முடியாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஓர் ஆடையை வெட்டியவர் ஒருவர், இணைத்தவர் ஒருவர், ஓரம் அடித்தவர் இன்னொருவர். 1200 பேரின் கைகள் பட்ட ஆடைகளில் ஒரே ஒருவரின் விரல் அடையாளம் மட்டும் இருப்பது நியாயமா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் சாச்சி வீட்டிலிருந்து ஒரு கடைக்கு அபாயா தைத்துக் கொடுக்கிறார். வெட்டிய துணி வரும். லேபிள் கட்டும் வரும். தைத்து முடித்ததும் கழுத்தின் உட்புறத்தில் கடையின் பெயர் பொறித்த லேபிளையும் அவரே தைத்து விடுவார். ஒருநாள் கலியாண வீடொன்றில் முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் கை மடிப்பைப் பார்த்துவிட்டு, என் காதோடு, "இது என்ட கை" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கை ஓரத்தைத் தாம் மடிக்கும் விதம் வேறு யாருக்கும் வராது என்றார். அணிந்திருந்த பெண்ணுக்கு அது தெரியாது. யாரிடம் தைத்தது என்று யாரோ கேட்டபோது அவர் கடையின் பெயரைச் சொன்னார். சாச்சி ஒன்றும் சொல்லவில்லை.

"என்ட கை" என்ற அந்தச் சொல்லும் வியொனேயின் பெருவிரல் அடையாளமும் ஒன்றையே சொல்கின்றன: இதை ஒரு மனிதர் செய்திருக்கிறார். வியொனேக்கு அதை லேபிளில் அச்சிடும் வாய்ப்பு இருந்தது, சாச்சிக்கு இல்லை. வியொனேயின் தொழிலாளர்களுக்கும் அது இருக்கவில்லை. கதிரையும் வைத்தியரும் விடுமுறையும் கொடுத்த அவர் அவர்களுடைய பெயர்களை ஆடையில் எழுதவில்லை. இந்தக் குறையைச் சொல்வதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. அவர் தொடங்கி வைத்த நியாயத்தை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

மறக்கப்பட்ட பெயர், மறையாத வெட்டு

1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது வியொனே தமது நிறுவனத்தை மூடினார். அப்போது அவருக்கு வயது 63. பின்னர் திறக்கவில்லை. அதன் பிறகும் அவர் நீண்ட காலம் வாழ்ந்தார். 1952 இல் தம்மிடமிருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆடைகளையும், வெட்டு மாதிரிகளையும், 75 புகைப்பட அல்பங்களையும் பிரான்ஸ் நாட்டின் ஆடைக்கலை அமைப்பொன்றுக்கு அன்பளிப்பாக வழங்கினார். அவை இன்று பாரிஸ் அலங்காரக் கலை நூதனசாலையில் பாதுகாக்கப்படுகின்றன. போலிகளைத் தடுப்பதற்காகச் சேர்த்த அல்பங்களே, பிற்காலத்து மாணவர்கள் அவரிடம் கற்பதற்கான பாடநூல்களாயின. 1975 மார்ச் 2 ஆம் திகதி, 98 வயதில் அவர் காலமானார்.

அவரோடு ஒரே காலத்தில் பாரிஸில் ஆடை செய்த கொகோ ஷனெலின் பெயர் உலகறிந்தது. வியொனேயின் பெயர் ஏன் அப்படிப் பரவவில்லை? ஷனெலுக்கு 1921 இல் வெளிவந்த வாசனைத் திரவியம் ஒன்று இருந்தது. ஆடை வாங்க முடியாதவர்களும் அந்தப் பெயரை ஒரு சிறு போத்தலில் வாங்க முடிந்தது. போருக்குப் பின் 1954 இல் அவர் மீண்டும் களத்துக்கு வந்தார். வியொனே விளம்பரத்தைத் தேடியவரல்லர். மூடிய கதவை மூடியபடியே விட்டுவிட்டார். அவருடைய சாதனை வெட்டில் இருந்தது. அது பார்ப்பவர் கண்ணைவிடத் தைப்பவர் கையாலேயே அறியப்படுவது. அமெரிக்கரான பெட்டி கேர்க் என்ற ஆய்வாளர், எஞ்சியிருந்த ஆடைகளை அளந்து, அவற்றின் வெட்டு முறைகளை மீட்டெடுத்து நூலாக வெளியிட்ட பிறகே புதிய தலைமுறை வடிவமைப்பாளர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார்கள்.

நாம் பெறும் பாடம்

பரீட்சையில் ஒரு பெண் பிள்ளை சித்தியடையாவிட்டால் "தையலுக்காவது அனுப்புங்கள்" என்று சொல்வது நம் சமூகத்தில் சர்வசாதாரணம். அந்த "ஆவது" என்ற சொல்லில் இரண்டு அநியாயங்கள் இருக்கின்றன. தையல் அறிவு தேவைப்படாத வேலை என்று அது சொல்கிறது. தைப்பவள் எதிலும் தேறாதவள் என்றும் சொல்கிறது. 45 பாகையையும் வட்டத்தின் பரிதியையும் துணியில் பிரயோகிப்பவளுக்குக் கணக்குத் தெரியாது என்று எப்படிக் கூறுவது? நமது நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலேயே ஆடை வடிவமைப்புக்கென ஒரு பட்டப்படிப்பு உண்டு. அதற்குத் தகுதி பெற விரும்பும் மாணவிகள் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

வடிவமைப்பாளராக வர விரும்பும் சகோதரிகளுக்கு வியொனேயின் வாழ்விலிருந்து மூன்று விடயங்களை முன்வைக்கிறேன். முதலாவது, பெயர்ப்பலகை போடுவதற்கு முன் கையைப் பழக்குங்கள். அவருக்கு அதற்கு 24 ஆண்டுகள் எடுத்தன. இரண்டாவது, யாரிடம் கற்றீர்களோ அவரைச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் கீழ் ஒருவர் தைக்கும் நாள் வந்தால், முதலில் அவர் இருக்கும் கதிரையைப் பாருங்கள்.

ஆடை வாங்கும் எல்லோருக்கும் இன்னுமொன்று. அடுத்த முறை ஒரு புதிய அபாயாவைக் கையில் எடுத்தால், கழுத்து லேபிளை வாசித்த பின் அதை உட்புறமாகத் திருப்பி ஓரத் தையலையும் பாருங்கள். தையல் நேராக ஓடியிருந்தால், மடிப்பு சீராகப் படிந்திருந்தால், அது அங்கே யாரோ ஒருத்தி வைத்துவிட்டுப் போன கைநாட்டு. "யார் தைத்தது?" என்று கடையில் ஒரு தடவை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு வரும். அந்தப் பதிலில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும்.